ஆமைப்பாறையில் தட்டும் வண்டி

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை சார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்கள் "நீ அங்கே இருந்தாயா?" என்று கேட்டால் நான் திணறிப்போவேன். என்னோடு ஆபீசில் வேலை பார்க்கிற சுகந்தி சொன்னது. சுகந்தி சொன்னதில் பாதி அவங்க அப்பா சொன்னது, பாதி அவங்க அம்மா சொன்னது. நடுவில் அவங்க கொஞ்சம் சேர்த்திருக்கலாம். ஆனால் சேர்த்திருப்பாங்க என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படிப்பட்டவங்க இல்லை.

ரயில்வே கேட் திறக்க நேரம் ஆகும் போலிருக்கிறது. நீங்கள்தானே கேட்டீர்கள், பக்கத்தில் நிற்கிற அந்த ஜீப் எதற்கு இவ்வளவு உயரமாக நிற்கிறது என்று? அதற்குத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். நான் எதைச் சொன்னாலும் அப்பாவும் அம்மாவும் அப்படியே நம்பிவிடுவார்கள். அதனாலேயே எனக்குப் பயம். விசாரிக்காமல் எதையும் சொல்வதில்லை. இந்த விஷயத்தையும் கடைசியில் போய் விசாரித்தேன். அது பிறகு.

சுகந்தியின் அப்பா பெயர் பவுன்ராஜ். போடிக்குப் பக்கத்தில்தான் ஊர். அவருடைய ஜீப் சுகந்தி பிறப்பதற்கு முன்பே வாங்கியது. அப்போதே அது பழைய வண்டி. ஃபோர் வீல் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். மேலே மலையில் ஏலத்தோட்டங்கள் இருக்கின்றன இல்லையா, அங்கே ஏலக்காய் எடுக்க தினமும் விடியுமுன் பெண்கள் போகிறார்கள். போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்புகிறார்கள். அவர்களை ஏற்றிப்போவதுதான் பவுன்ராஜுக்கு வேலை. ஒரு கூட்டமாக வேலைக்குப் போகிறவர்களை அங்கே செட்டு என்பார்கள். பவுன்ராஜ் வண்டியில் போவது விருமாயி செட்டு. விருமாயி என்கிற அம்மாள்தான் அதற்குத் தலைவி. குட்டையான உருவம், பெரிய குரல். பவுன்ராஜ் அவளை மதினி என்று கூப்பிடுவார்.

செட்டு ஏறினால்தான் வண்டிக்கு வேலை, சார். செட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டால் இந்த வண்டி வீட்டு வாசலில் கோழி அடைக்கத்தான் ஆகும். அது ஒருபக்கம். இன்னொரு பக்கம், பவுன்ராஜுக்கு அந்தச் செட்டைப் பற்றி ஒரு பெருமை. "எங்க வீட்டுப் பொம்பளைய பவுனு வண்டியிலன்னா தைரியமா அனுப்பலாம்" என்று ஊரில் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவர் சாப்பிடுகிறாரோ என்று சுகந்தியின் அம்மா ஈஸ்வரி கேலி செய்வாங்களாம்.

மலைக்கு மேலே தார் ரோடு ஒரு இடத்தில் முடியும். அப்புறம் தோட்டத்துப் பாதை. கல்லும் சேறும். ஒரு ஓடையைத் தாண்டினதும் பாதைக்குக் குறுக்கே ஒரு பாறை முதுகைத் தூக்கிக்கொண்டு படுத்திருக்கும். ஆமைப்பாறை என்று பெயர். அந்த இடத்தில் தினமும் ஒன்று நடக்கும். வண்டி பாறையில் ஏறத் தொடங்கினதும் அடியிலிருந்து 'டொங்' என்று ஒரு சத்தம். உடனே விருமாயி பின்னாலிருந்து குரல் கொடுப்பாள்.

"பவுனு, தட்டிருச்சு. நிறுத்து. நாங்க எறங்கிக்கிறோம். நீ வெறும் வண்டியா ஏத்திட்டுப் போ."

எல்லோரும் இறங்குவார்கள். பவுன்ராஜ் வெறும் வண்டியைப் பாறைமேல் ஏற்றி, அந்தப் பக்கம் இறக்கி, வளைவு தாண்டி நிறுத்தி, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். பீடி முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர்கள் வருவார்கள். பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஆற அமர. சேற்றில் நடந்து வர நேரம் ஆகிறது என்று இவர் நினைத்துக்கொள்வார். வருஷக்கணக்காக இப்படித்தான்.

அந்த 'டொங்' இருக்கிறதே, அது அவருக்கு நெஞ்சில் விழுகிற மாதிரி இருக்குமாம். வீட்டுக்கு வந்ததும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார். ஒரு நெளிசல் இருக்காது, ஒரு கீறல் இருக்காது. "எத்தனை வருஷமாத் தட்டுது, ஒரு கோடு விழலை பாரு. அந்தக் காலத்து இரும்பு" என்று ஈஸ்வரியிடம் சொல்வார். ஈஸ்வரி "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாங்களாம்.

போன முறை மழை கூடுதலாகப் பெய்ததே, அந்த வருஷம்தான் அவருக்குத் தாங்கவில்லை. கொட்டுகிற மழையில் பெண்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். காலில் அட்டை ஏறுகிறது. இவர் மட்டும் வண்டிக்குள் நனையாமல் உட்கார்ந்திருக்கிறார். தன் வண்டியின் வயிறு தாழ்ந்திருப்பதால்தானே இவர்கள் நனைகிறார்கள் என்று குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இதில் சரவணபாண்டி வேறு. இளவட்டம். அவனும் ஜீப்தான் ஓட்டுகிறான். மருந்தடிக்கிற ஆம்பளை ஆட்களை ஏற்றிப்போவான். வண்டியை நன்றாகத் தூக்கிக் கட்டியிருந்தான். பாரத்தோடு ஆமைப்பாறையை ஒரே மிதியில் தாண்டுவான். தாண்டும்போது தலையை வெளியே நீட்டி, "என்ன மாமா, வண்டி வயித்தத் தேச்சுக்கிட்டு வருது? ஆளை எறக்கிவிட்டு வண்டியை ஓட்டுறதுக்கு, வண்டியை நிறுத்திட்டு ஆளோட நடந்து போயிரலாம்ல?" என்பான்.

பவுன்ராஜ் யாரிடமும் சொல்லவில்லை. செட்டுக்குச் சொல்லாமல் செய்து அவர்களை அசத்த வேண்டும் என்று ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை சவரிமுத்து பட்டறைக்குக் கொண்டுபோனார்.

சவரிமுத்து உற்சாகமான மெக்கானிக். எதைக் கேட்டாலும் செய்யலாம் என்பார். "ரெண்டு வழி இருக்கு பவுனு. கமான் பட்டையில ஒண்ணு ரெண்டு கூடச் சேக்கலாம். இல்லன்னா பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல இரும்புக்கட்டை வெக்கலாம்."

"எது நல்லது?"

"முதல்ல பட்டையைச் சேப்போம். பத்தலன்னா கட்டையை வெப்போம்."

கமான் பட்டை என்றால் தெரியும்தானே சார்? சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்குமே, அந்த இரும்புப் பட்டைகள். அதைக் கூட்டினால் வண்டி எழும்பும். எழும்பினால் பிரேக் குழாயை நீளமாக மாற்ற வேண்டும், சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகிற ராடு சாய்வாகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் நான் தனியாகப் படித்தேன். சுகந்தி சொன்னது சரியாகத்தான் இருந்தது.

வேலை முடிந்தது. பாரத்தோடு சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் பவுன்ராஜ். அதில் அவர் ரொம்பக் கவனம். எதிரில் உரக்கடை. அங்கிருந்து உர மூட்டைகளை இரவல் கேட்டு வண்டியில் ஏற்றினார்கள். செட்டில் ஒவ்வொருத்தருக்கும் இத்தனை மூட்டை என்று கணக்கு. "இது ராமுத்தாய். ஒல்லியான பிள்ளை, ஒரு மூட்டை போதும். இது விருமாயி மதினி. ரெண்டாப் போடு" என்று இவர் சொல்லச் சொல்ல, கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் ஏற்றினார்கள். ஏற்றி முடித்து டேப் பிடித்துப் பார்த்தால், பாரத்தோடும் வயிறு நன்றாக எழும்பி நிற்கிறது. சவரிமுத்து பானெட்டைத் தட்டி, "யானையே படுத்திருந்தாலும் தாண்டும்" என்றார்.

எல்லாம் சரியாகத்தான் பார்த்தார்கள் சார். ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. மூட்டைகள் தாமாக ஏறவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் செட்டு வந்து நின்றது. எல்லோரும் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்கள். அப்புறம் விருமாயி கேட்டாள்.

"என்னப்பா பவுனு, வண்டி எந்திரிச்சு நிக்குது?"

"ஏறுங்க மதினி, அப்புறம் சொல்றேன்."

"ஏறுறதுக்குத்தான் கேக்குறேன்."

ராமுத்தாய் முழங்காலை ஊன்றி ஏறினாள். ஏறுகிற அவசரத்தில் அவள் தூக்குவாளி சாய்ந்து ரசம் பாதி கீழே போயிற்று. அவள் மேலே நின்று ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்து இழுத்தாள். விருமாயியை மேலேயிருந்து இரண்டு பேர் இழுத்தார்கள், கீழேயிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள். தள்ளியவர்கள் சிரித்ததில் தள்ளுகிற வேகம் போய், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

வண்டி கிளம்பி மலை ஏறியதும் பவுன்ராஜ் மனசில் வைத்திருந்ததைச் சொன்னார். "மதினி, இனிமே ஆமைப்பாறையில யாரும் எறங்க வேண்டாம். மழையில நனைய வேண்டாம். உக்காந்தபடியே தாண்டிப் போறோம். நேராத் தோட்டத்துலதான் எறங்குறீங்க."

பின்னால் பேச்சே இல்லை. அவ்வளவு பேர் இருக்கிற வண்டியில் ஒரு சத்தம் இல்லை. பவுன்ராஜுக்குப் பெருமையாக இருந்ததாம். நம்மால் இவர்களுக்கு ஒரு நல்லது நடந்துவிட்டது, சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தார்.

ஓடை வந்தது. தாண்டினார். பாறை வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏற்றினார்.

'டொங்.'

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தார். 'டொங், டொங்' என்றது. முன்னைவிடப் பலமாக.

"தட்டிருச்சு பவுனு" என்றாள் விருமாயி. "நல்லாவே தட்டிருச்சு. நிறுத்து, நிறுத்து."

ஏறும்போது அவ்வளவு பாடுபட்டவர்கள் இறங்கும்போது ஆட்டுக்குட்டிகள் மாதிரி குதித்தார்கள். பவுன்ராஜ் வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தார். பாறைக்கும் வண்டிக்கும் நடுவில் தாராளமாகக் கையை விட்டு ஆட்ட முடிந்தது. ஆனால் சத்தம் கேட்டதே. காதால் கேட்டதை இல்லையென்று எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலமே திரும்பவும் பட்டறை.

"தட்ட வாய்ப்பே இல்லையேப்பா" என்றார் சவரிமுத்து.

"சத்தம் வந்துச்சு சவரி. என் காதுல விழுந்துச்சு."

"வந்துச்சா? வந்துச்சுன்னா இன்னும் தூக்கிருவோம்." அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இரும்புக்கட்டையும் வைத்தார்கள், பெரிய டயரும் போட்டார்கள்.

வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது ஈஸ்வரி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாங்களாம். "இது என்னங்க, தேரா? வடம் புடிக்க ஆள் சொல்லியாச்சா?"

"அந்த ஆமைப்பாறையில இன்னும் தட்டுது ஈஸ்வரி. அதான்."

ஈஸ்வரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாங்க. "தட்டுதா? அப்போ இன்னும் கொஞ்சம் தூக்கிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டாங்க. உள்ளே போய் அரைமணி நேரம் சிரித்ததாக சுகந்தி சொன்னாங்க. இதைச் சொல்லும்போது சுகந்தியும் சிரித்தாங்க. அவங்களுக்குச் சிரிப்பு வந்தால் முதலில் கண் மூடிக்கொள்ளும், சத்தம் பிறகுதான் வரும். நாங்கள் தினமும் சாயங்காலம் ஒரே பஸ்ஸில்தான் போவோம். தற்செயல்தான். அதற்கு முந்தின பஸ்ஸில் எப்போதும் கூட்டமாக இருக்கும், அதனால் நான் அதை விட்டுவிடுவேன். சில நாள் கூட்டம் இருக்காது. அன்றைக்கும் பழக்கத்தில் விட்டுவிடுவேன்.

சரி, கதைக்கு வருகிறேன். மறுநாள் காலையில் வண்டியின் பின்பலகை விருமாயியின் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பவுனு, நான் ஏலக்காய் எடுக்கப் போறேன். தேங்காய் எடுக்கப் போகல."

"மதினி, ஒரு நாள் பழகிருச்சுன்னா..."

"உரக்கடைக்காரன் சொன்னான். என்னை ரெண்டு மூட்டைன்னு எடை போட்டியாம்ல?"

"அது ஒரு கணக்குக்கு மதினி. ராமுத்தாய்க்கு ஒண்ணு போட்டேன், உங்களுக்கு..."

"ரெண்டு போட்ட. சரி. அந்த ரெண்டு மூட்டையையும் தூக்கிப் போட ஆள் வெச்சிருந்தல்ல? அந்த ஆளை இப்பக் கூப்புடு."

செட்டு மொத்தமும் சிரித்தது. பவுன்ராஜ் டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். ராமுத்தாய் அதில் ஏறி நின்றதும் நாற்காலிக்கால் விரிந்து அவள் உட்கார்ந்த மாதிரி இறங்கினாள். அதோடு முடிந்தது. பக்கத்து ஊரான தேவாரத்துக்காரர் ஒருவருடைய ஜீப் அந்த வழியாக வந்தது. தூக்காத வண்டி, தாழ்ந்த வயிறு. விருமாயி கையைக் காட்டினாள், நின்றது, எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். போகும்போது யாரும் கோபமாகப் போகவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டால் நாளைக்கு வருவார்கள். சிரித்துக்கொண்டே போனவர்கள் வருவார்களா?

தெருவில் அவரும் வண்டியும் மட்டும் நின்றார்கள். சரவணபாண்டி வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து பார்த்தான். "மாமா, வண்டி ஜம்முன்னு இருக்கு. ஆள்தான் யாரையும் காணோம்."

பவுன்ராஜ் வண்டியை எடுத்தார். தேவாரத்துக்காரர் வண்டிக்குப் பின்னாலேயே வெறும் வண்டியாகப் போனார். அந்தத் தாழ்ந்த வண்டி ஆமைப்பாறையில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். நன்றாகத் தட்டி உடையட்டும் என்றுகூட நினைத்ததாக அவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

ஓடை தாண்டி முன்வண்டி பாறையில் ஏறியது. இவர் ஒட்டிப் பின்னால் நின்றார். இப்போதுதான் வண்டி உயரமாயிற்றே, சார். முன்வண்டியின் பின்பக்கத் திறப்பு வழியாக உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் மடிவரை இவருக்குத் தெரிகிறது. ராமுத்தாய் தூக்குவாளியைக் கையில் எடுத்தாள். குனிந்தாள். வண்டித் தரையில் ஓங்கி ஒரு தட்டு.

'டொங்.'

"தட்டிருச்சு, தட்டிருச்சு" என்று விருமாயியின் குரல் கேட்டது.

பவுன்ராஜ் அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பி நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏமாத்திருக்காங்க ஈஸ்வரி. இத்தனை வருஷமா. என் வண்டி எங்கயுமே தட்டல. அந்த ராமுத்தாய்தான் வாளியால தட்டுறா. நான் என்ன துரோகம் பண்ணினேன் அவங்களுக்கு?"

"ஒரு துரோகமும் பண்ணல. உக்காருங்க" என்றாங்க ஈஸ்வரி. இந்தத் தடவை சிரிக்கவில்லை. "விடியுமுன்ன எந்திரிச்சு, சோறாக்கி, பிள்ளைக்குக் கட்டி வெச்சிட்டு ஓடி வந்து வண்டியில ஏறுறாங்க. தோட்டத்துல கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் பின்னாடி ஒண்ணே ஒண்ணு இருக்கு, அதுக்கும் பூட்டு. சாயங்காலம் வீட்டுக்கு வர்ற வரைக்கும் அவங்க எங்க ஒதுங்குவாங்கன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா? நீங்க வழியில நெனச்ச எடத்துல நிறுத்திட்டு ஓரமாப் போயிட்டு வர்றீங்க."

பவுன்ராஜ் உட்கார்ந்தார்.

"அந்தப் பாதையில ஓடைத் தண்ணியும் புதர் மறைவும் சேர்ந்து இருக்குறது ஆமைப்பாறை ஒண்ணுதான்."

"என்கிட்ட வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்லுவாங்க? விருமாயிக்கா உங்களுக்கு மதினி முறை. ராமுத்தாய் தங்கச்சி முறை. ஒரு நாள் சொன்னா, மறுநாள் டீக்கடையில அதுதான் பேச்சு."

"நான் அப்படிப் பேசுறவனா?"

"நீங்க பேச மாட்டீங்க. சரவணபாண்டி?"

பவுன்ராஜ் அப்போதுதான் சட்டையைக் கழற்றினார்.

"நானும் கல்யாணத்துக்கு முன்னாடி ஏலக்காய் எடுப்புக்குப் போனவதான்" என்றாங்க ஈஸ்வரி. "எங்க செட்டுல, பிரேக்கு சூடாகி வாடை வருதுன்னு சொல்லுவோம். எங்க டிரைவர் பாவம், மாசத்துக்கு ஒரு தடவை பிரேக்கைக் கழட்டி மாட்டுவாரு."

இந்த இடத்தை சுகந்தி சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன், சார். எங்கள் வீட்டில் இதையெல்லாம் யாரும் பேசிக் கேட்டதில்லை. என் அம்மாவும் நூற்பாலைக்குப் பஸ்ஸில் போனவங்கதான். நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. "என்ன, கீழே எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டாங்க சுகந்தி. இல்லை என்றேன். அதற்கும் சிரித்தாங்க.

அன்றைக்கு மத்தியானமே பவுன்ராஜ் பட்டறையில் நின்றார்.

"சவரி, கட்டையை எடு. டயரையும் மாத்து. பட்டை மட்டும் இருக்கட்டும். பின்னாடி ரெண்டு படி வெச்சு வெல்டிங் பண்ணு."

சவரிமுத்து தலையைச் சொறிந்தார். "படி கீழ தொங்குமேப்பா. பாறையில தட்டுமே."

"தட்டட்டும்."

"தட்டக்கூடாதுன்னுதானே இத்தனையும் பண்ணினோம்?"

"இப்பத் தட்டணும் சவரி. நீ வை."

எதற்கு என்று சவரிமுத்துவிடம் அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லையாம். சவரிமுத்து பாவம், பவுன்ராஜுக்கு வயசாகிவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றிரவு பவுன்ராஜ் சரியாகச் சாப்பிடவில்லை. தெரிந்துகொண்டேன் என்று காட்டினால் அவர்கள் கூசிப்போய் இந்த வண்டிப் பக்கமே வர மாட்டார்கள். காட்டாவிட்டால், தினமும் நெஞ்சு உயரத்துக்கு ஏற வேண்டும், இறங்கவும் முடியாது என்று நினைத்து தேவாரத்துக்காரர் வண்டியிலேயே போய்விடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை வேண்டும். ஈஸ்வரியிடம் கேட்டார். "உங்க செட்டு, நீங்களே பேசுங்க" என்று சொல்லிவிட்டாங்க.

காலையில் செட்டு நிற்கிற இடத்துக்கு முன்னதாகவே போய் வண்டியை நிறுத்தினார். எல்லோரும் வந்தார்கள். படியைப் பார்த்தார்கள். யாரும் காலை வைக்கவில்லை. தேவாரத்துக்காரர் வண்டியின் சத்தம் தெருக்கோடியில் கேட்கத் தொடங்கியிருந்தது.

பவுன்ராஜ் விருமாயியின் முகத்தைப் பார்க்காமல் படியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மதினி, தப்பா எடுத்துக்காதீங்க. என்ன பண்ணியும் வண்டி தட்டத்தான் செய்யுது. ஏறுறதுக்குப் படி வெச்சாச்சு. ஆனா ஆமைப்பாறையில எப்பவும் போல எறங்கித்தான் ஆகணும். சிரமத்தப் பாக்காதீங்க."

விருமாயி அவரையே பார்த்தாள்.

"இவ்வளவு வேலை பாத்தும் தட்டுதா?"

"தட்டுது மதினி. இந்த வண்டி வாகு அப்படி."

"அடுத்த மாசம் சவரிமுத்துகிட்ட போய் தட்டாமப் பண்ணிட்டு வந்திர மாட்டியே?"

"மாட்டேன். இது இனிமே எப்பவும் தட்டும்."

தேவாரத்துக்காரர் வண்டி வந்து, வேகத்தைக் குறைத்து, அவர்களைப் பார்த்தது. விருமாயி அதைப் பார்த்துக் கையை ஆட்டிப் போகச் சொன்னாள். படியில் காலை வைத்தாள். ஒருத்தரும் தள்ளாமல், ஒருத்தரும் இழுக்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்பச் சரி" என்றாள். "ஆனா மூட்டைக் கணக்கு இன்னும் முடியல. அதை அப்புறம் பேசுறேன்."

அன்றைக்கு ஆமைப்பாறை வந்ததும், எந்தச் சத்தமும் கேட்பதற்கு முன்பே பவுன்ராஜ் நிறுத்தினார். "தட்டும். எறங்குங்க" என்றார். ராமுத்தாய் அப்போதுதான் வாளியைக் கையில் எடுத்திருந்தாளாம். எடுத்ததை அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வெறும் வண்டியைப் பாறை தாண்டிக் கொண்டுபோய், எப்போதும் நிற்கிற வளைவில் நிற்காமல் அடுத்த வளைவில் நிறுத்தி, பாட்டைச் சத்தமாக வைத்தார்.

இவ்வளவுதான் சுகந்தி சொன்னது. நான் எதையும் விசாரிக்காமல் விடுவதில்லை என்று சொன்னேன் இல்லையா? போன மாதம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அந்த வண்டியில் போனேன். சுகந்திதான் ஏற்பாடு செய்தாங்க. அவங்க அப்பா என்னை முன்சீட்டில் தனக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சம்பளம், சொந்த ஊர், கூடப்பிறந்தவர்கள் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். பேச்சுத்துணைக்கு என்று நினைக்கிறேன். பின்னால் ஒரு பெரிய குரல், "இந்தத் தம்பிதானா?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று தெரியவில்லை. நான் மலைக்குத் தோல் ஷூ போட்டுக்கொண்டு போயிருந்தேன், அதனால் இருக்கலாம்.

கேட் திறக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரு நிமிஷம் சார், முடித்துவிடுகிறேன்.

ஓடை வந்தது. அதன்மேல் பாலம் போட்டிருக்கிறார்கள். தோட்டம் வரை காங்கிரீட் பாதை வந்துவிட்டது. பாதை போட்டபோது ஆமைப்பாறையை மெஷின் வைத்து உடைத்து, அந்தக் கல்லைத்தான் பக்கச்சுவருக்கு வைத்திருக்கிறார்கள். தரை சமமாக இருக்கிறது. பவுன்ராஜ் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார். பெண்கள் பேசிக்கொண்டே இறங்கினார்கள். "எதுக்கு இங்க நிறுத்துறீங்க?" என்று கேட்டேன்.

"வண்டி தட்டும் தம்பி" என்றார்.

நான் இறங்கிக் குனிந்து அடியில் பார்த்தேன். காங்கிரீட்தான் இருந்தது. அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, "பாத்தாச்சுல்ல, ஏறுங்க" என்று வண்டிக்குள் உட்காரவைத்தார். வளைவு தாண்டி நின்றபோது பின்னாலேயே சரவணபாண்டியின் வண்டியும் வந்து நின்றது. அதே தூக்கிய வண்டிதான். இப்போது அவனும் ஒரு பெண்கள் செட்டை ஏற்றுகிறான். உள்ளே ஒருத்தரும் இல்லை. உன் வண்டியுமா என்று அவனிடம் கேட்டேன்.

"ஆமாண்ணே" என்றான். "இங்க எல்லா வண்டியும் தட்டும்."